‘எடுத்தாச்சு’ என்று சொன்னவர்

என்றும் என் அன்புக்குரிய சுடலைமுத்து அண்ணாச்சிக்கு,

வருகிற மாதம் நீங்கள் போய் ஒரு வருடம் ஆகிறது. நம் ஆலையின் ஓய்வு பெற்றோர் சங்கம் ஒரு மலர் கொண்டுவருகிறது. அதில் உங்களைப் பற்றி எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள். உங்களைப் பற்றி மற்றவர்களுக்கு எழுத எனக்கு வரவில்லை. நாலு முறை தொடங்கி நாலு தாளைக் கிழித்துப் போட்டேன். உங்களுக்கே எழுதினால் வந்துவிடும் என்று தோன்றியது. மற்றவர்கள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொள்ளட்டும்.

என் வழக்கம் உங்களுக்குத் தெரியும். வரிசை போடாமல் எனக்கு எதுவும் ஓடாது. சொல்ல நினைப்பவை இவை:

1. உங்கள் மகள் கோமதிக்கு இந்த வருட ஷட்டவுன் பொறுப்பு கிடைத்திருக்கிறது.
2. நாம் சேர்ந்து நடத்திய அந்தப் பதினெட்டு நாள் ஷட்டவுனில் நீங்கள் செய்தவை.
3. பதினோராம் நாள் மில்லில் நடந்தது. அதில் என் கேள்வி சரியானது. கனகராஜ் சொன்ன பதில்தான் தவறு.
4. விசாரணைத் தாளில் நான் எழுதிய ஒரு வரியும், அதனால் நம் இருவருக்கும் நடுவே விழுந்த மௌனமும்.
5. நீங்கள் கடைசியாக என்னிடம் கேட்டது.

இதைப் பார்த்தால் என்ன சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும். “ஆரம்பிச்சிட்டாருய்யா லிஸ்ட்டு சாரு.” சொல்லிக்கொள்ளுங்கள்.

முதலில் கோமதி. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தாள். எங்கள் தெருவில் ஞாயிறும் தறி ஓடும் என்பதால் ஜன்னலைச் சாத்திவிட்டு உட்கார்ந்தோம். வந்ததும் தண்ணீர் கூடக் குடிக்கவில்லை.

“சித்தப்பா, இந்த வருசம் ஷட்டவுன என் தலையில கட்டிட்டாவ.”

“நல்ல விசயம்தானம்மா.”

“நல்ல விசயந்தான். பயமாத்தான் இருக்கு.”

“எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு.”

“தெரியும், தெரியும். மொத நா கூட்டத்துல நீங்க பேசுனதவிட மைக்கு ஆடுன சத்தந்தான் நல்லாக் கேட்டுச்சின்னு அப்பா சொல்லுவாவ.”

நீங்கள் அதை வீட்டிலும் சொல்லியிருக்கிறீர்கள். பரவாயில்லை. உண்மைதான்.

அவள் வந்தது ஒரு காரியமாக. வேலை தொடங்குவதற்கு முன்னால் எல்லாரையும் கூட்டிப் பேசும் நாளில் நான் வந்து பழைய மில் சம்பவத்தைச் சொல்ல வேண்டுமாம். அந்த விசாரணை ஃபைலின் நகல் என் பீரோவில் இருப்பது அவளுக்குத் தெரியும். அதையும் கொண்டுவரச் சொன்னாள். இப்போதும் அங்கே பாதுகாப்பு வகுப்பில் அந்தச் சம்பவத்தைத்தான் படிக்கிறார்களாம், என் வரியோடு சேர்த்து. வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். மறுக்கத் தைரியம் இல்லாததால் எத்தனையோ முறை தைரியமான காரியங்களுக்கு ஒப்புக்கொண்டிருக்கிறேன். இதுவும் அப்படி ஒன்று.

இரண்டாவது. மலர் படிப்பவர்களில் ஆலைக்குள் வராத குடும்பத்தாரும் இருப்பார்கள் என்பதால் ஒரு விளக்கம். சிமெண்ட் ஆலையை வருடத்துக்கு ஒரு முறை முழுதாக நிறுத்திவிடுவார்கள், அதுதான் ஷட்டவுன். சூளைக்குள் எரிந்துபோன செங்கல்லை எடுத்துப் புதிதாக அடுக்க வேண்டும், தேய்ந்த தகடுகளை மாற்ற வேண்டும், மோட்டார்களைக் கழற்றி மாட்ட வேண்டும். மற்ற நாட்களில் கிட்டப் போகவே முடியாத இடங்களுக்குள் அந்தச் சில நாட்கள் மனிதர்கள் புகுந்து வேலை செய்வார்கள். வெளியூர் ஒப்பந்த ஆட்களும் சேர்ந்தால் கூட்டம் மூன்று மடங்காகிவிடும். நேரம் மட்டும் நீளாது.

அந்த வருடம் நடத்த வேண்டிய அதிகாரி மஞ்சள்காமாலையில் படுத்துவிட்டார். திட்டப் பிரிவில் வேலை அட்டை எழுதிக்கொண்டிருந்த என்னிடம் பொறுப்பு வந்தது. எல்லா வேலையையும் எழுதிவைத்தவன் என்பதால் நடத்தவும் தெரியும் என்று நினைத்துவிட்டார்கள். நீங்கள் அப்போது மின் பிரிவின் ஃபோர்மேன். எல்லார் முன்னாலும் “நீங்க, சார்” என்பீர்கள். தனியாக இருந்தால் “நீரு, வே” ஆகிவிடும்.

என் அட்டவணையைச் சுவர் முழுக்க ஒட்டியிருந்தேன். நீங்கள் வந்து கையைப் பின்னால் கட்டிக்கொண்டு இரண்டு முறை நடந்து பார்த்தீர்கள்.

“எல்லாம் இருக்கு. அம்பாள மட்டும் காணும்.”

எனக்குப் புரியவில்லை.

“பதினாலாம் நா ஆடித்தபசு வே, அம்பா திருநாளு. சங்கரன்கோவில்காரரு நீரு, நீரே மறந்துட்டீரு. அன்னைக்குக் காலைல சூளைக்குள்ள செங்கல் அடுக்க எவன் வருவான்? நீரு கூப்பிட்டா நானே வர மாட்டேன்.”

அந்த ஒரு நாளை லேசான வேலை நாளாக மாற்றினோம். வந்த ஆட்களை வைத்தே முடிகிற வேலைகளை அதில் போட்டோம். மற்ற ஆலைகளில் ஆள் வராமல் தடுமாறுகிற நாள் நம் அட்டவணையில் முன்பே லேசாக இருந்தது. மேலதிகாரிகள் அதை என் தொலைநோக்கு என்று பாராட்டினார்கள். நான் மறுத்துச் சொல்லவில்லை. உங்களிடம் வந்து சொன்னபோது, “தொலைநோக்கு இல்ல வே, தேர்நோக்கு” என்றீர்கள்.

இன்னொன்று. ஃபிட்டர்கள் ஒரு மூலையில் டீ குடிப்பார்கள், மின் பிரிவு இன்னொரு மூலையில். ஒருவர் வேலையில் மற்றவர் குறுக்கே வருவதும், பிறகு சத்தம் போடுவதும் அங்கிருந்துதான் ஆரம்பிக்கும். நான் இதற்காக ஒரு சுற்றறிக்கை தயாரித்துக்கொண்டிருந்தேன். நீங்கள் இரண்டு டீ கேன்களையும் தூக்கிவந்து நடுவில், மில்லுக்கும் சூளைக்கும் இடைப்பட்ட இடத்தில் வைத்துவிட்டீர்கள். மூன்றாம் நாளிலிருந்து, “நாளைக்கு உன் கிரேன் எங்கன நிக்கும்?” என்று அவர்களே கேட்டுக்கொண்டார்கள். சுற்றறிக்கை என் மேஜையிலேயே இருந்தது.

பூட்டு விஷயத்திலும் அப்படித்தான். ஒவ்வொருவரும் இயந்திரத்துக்குள் போகும்முன், வேறு யாரும் மின்சாரம் கொடுத்துவிடாதபடி சுவிட்சில் தன் பூட்டைப் போட்டுச் சாவியைத் தன் பையில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் விதி. “என்ன சார், சைக்கிளா நிப்பாட்டுதோம்?” என்று சிரித்தார்கள். நீங்கள் முதல் ஆளாகப் போய் உங்கள் பூட்டை மாட்டினீர்கள். அதில் உங்கள் பேரன் படத்தை ஒட்டியிருந்தீர்கள். அடுத்த நாள் பாதிப் பூட்டுகளில் குழந்தைகள் படம் இருந்தது. அதன்பின் யாரும் சிரிக்கவில்லை.

இரண்டாவது குறிப்பு நான் நினைத்ததைவிட நீண்டுவிட்டது. மூன்றாவதைத் தள்ளிப்போடத்தான் இப்படி எழுதுகிறேனோ என்னவோ.

பதினோராம் நாள் மத்தியானம். மில் என்றால் ஒரு வீடு அளவுள்ள இரும்பு உருளை. படுத்த வாக்கில் இருக்கும், சுண்ணாம்புக் கல்லை அதற்குள் போட்டு அரைப்பார்கள். உள்ளே சுற்றிலும் பதித்த தகடுகளை மாற்றும் வேலை. உள்ளே போன ஆட்கள் கீழே இருக்கும் தகடுகளை மாற்றுவார்கள். பிறகு வெளியே வருவார்கள். சுவிட்சிலிருந்து பூட்டை எடுப்பார்கள், மின்சாரம் கொடுத்து உருளையைக் கால் சுற்றுத் திருப்புவார்கள். அப்புறம் மின்சாரத்தை எடுத்துவிட்டுப் பூட்டைப் போட்டால் ஆட்கள் மறுபடி உள்ளே போகலாம். ஒரு நாளில் எத்தனையோ முறை இது நடக்கும். ஒவ்வொரு முறையும் ஒவ்வொருவரும் தன் பூட்டை எடுத்துப் போட நேரமாகிறது என்றார்கள். இந்த வேலைக்கு மட்டும் ஒரே பொதுப் பூட்டு, சாவி சுவிட்ச் ரூமில், என்று நான் ஒரு சலுகை கொடுத்தேன். நீங்கள் முகத்தைச் சுளித்தீர்கள். அந்தச் சலுகை என் தவறு. அன்று மாலையே அதை நீக்கினேன்.

நான் மில் வாயில் வாக்கி டாக்கியோடு நின்றேன். சுவிட்ச் ரூமில் கனகராஜ். நல்ல வேலைக்காரர், இரண்டு குழந்தைகளுக்குத் தகப்பன், உங்கள் பிரிவிலேயே நிதானமானவர் என்று நீங்கள் சொல்வீர்கள். நான் கேட்டேன்:

“எடுத்தாச்சா?”

“எடுத்தாச்சு சார்.”

நான் கேட்டது மின்சாரத்தை. அவர் சொன்னது பூட்டை. இன்னும் ஒரு கால் சுற்றுத் திருப்ப வேண்டும் என்று ஃபிட்டர் தரப்பிலிருந்து சற்று முன் அவருக்கு ஒரு செய்தி போயிருந்தது. அது எனக்குத் தெரியாது. அவர் பூட்டை எடுத்து, மின்சாரத்தைக் கொடுத்து, திருப்பத் தயாராக நின்றார். அவர் பதிலை நம்பி நான் நாலு பேரை உள்ளே அனுப்பினேன்.

நீங்கள் அப்போது தற்செயலாகச் சுவிட்ச் ரூமுக்குள் வந்தீர்கள். வாக்கி டாக்கியில் என் கேள்வியும் காதில் விழுந்தது, கனகராஜின் பதிலும் விழுந்தது, ஆணியில் தொங்கிய பூட்டும் கண்ணில் பட்டது. பொத்தானுக்கு ஒரு சாண் தூரத்தில் அவர் கையைப் பிடித்தீர்கள். சுவிட்சின் கைப்பிடியைக் கீழே இழுத்து மின்சாரத்தை நிறுத்திப் பூட்டைப் போட்டீர்கள். பிறகுதான் ஓடிவந்தீர்கள். நீங்கள் ஓடி நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான்.

“சார், உள்ள இருக்கவங்கள வெளிய கூப்பிடுங்க. மெதுவாக் கூப்பிடுங்க.”

நாலு பேரும் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். முதலில் தலையை நீட்டியது பேச்சிமுத்து. முகம் பூராவும் கல் பொடி. “என்ன சார், டீயா?” என்றார்.

சுவிட்ச் ரூமில் நடந்ததை அப்போதுதான் சொன்னீர்கள். நீங்கள் என் மணிக்கட்டைப் பிடித்து ஒரு மரப்பெட்டி மேல் உட்கார வைத்தீர்கள். “உக்காரும் தம்பி. ஒண்ணும் ஆகல.” அந்த ஒரு முறைதான் என்னைத் தம்பி என்றீர்கள். நினைவிருக்கிறதா?

பிறகு குனிந்து என் காதோடு சொன்னீர்கள். “இப்ப எல்லா வேலையும் நிக்கணும். நான் நிப்பாட்டுனா சண்டையாவும். நீரு நிப்பாட்டுனா நிக்கும்.” அட்டவணையை நினைத்தேன், மேலதிகாரியை நினைத்தேன். அப்புறம் பேச்சிமுத்துவின் முகத்தைப் பார்த்தேன். சங்கை ஊதச் சொன்னேன். ஆலை முழுதும் ஒரு மணி நேரம் நின்றது. எல்லாரையும் டீ கேன் பக்கத்தில் கூட்டி நடந்ததை அப்படியே சொன்னேன். அன்றும் என் குரல் ஆடியது, ஆனால் யாரும் சிரிக்கவில்லை. என் வேலைக்காலத்தில் நான் தலைமை தாங்கினேன் என்று சொல்லக்கூடிய நேரம் அந்த ஒரு மணிதான்.

அதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நாலாவது. விசாரணைத் தாளில் ‘காரணம்’ என்று ஒரு கட்டம். ஒரே ஒரு வரிக்குத்தான் இடம். நான் எழுதினேன்: ‘சுவிட்ச் அறைப் பணியாளர் கேள்வியைத் தவறாகப் புரிந்துகொண்டு பதில் அளித்தார்.’ நான் பொய் எழுதவில்லை. விதிப்படி நான் கேட்டேன், பதில் வந்தது, ஆளை அனுப்பினேன். நாள் முழுக்க அதே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு முறை மட்டும் பதில் மாறியது என்றால் தவறு பதிலில்தானே இருக்க முடியும்? இத்தனை வருடமும் இதைத்தான் எனக்கு நானே சொல்லிவருகிறேன். இப்போதும் அதையே சொல்கிறேன்.

விசாரணையில் கனகராஜ் ஒரு வாக்கியம்தான் சொன்னார். “நான் பொய் சொல்லல சார். கேட்டதுக்குப் பதில் சொன்னேன்.” அவரைச் சுவிட்ச் ரூமிலிருந்து எடுத்துக் கல் குவாரிக்கு அனுப்பினார்கள். அங்கே லாரி எண் எழுதும் வேலை. இரண்டு வருடத்தில் வேலையை விட்டுவிட்டுப் புளியங்குடிக்குப் போய்விட்டார். எலுமிச்சை மார்க்கெட்டில் காய் தரம் பிரிக்கும் இடத்தில் மேற்பார்வை பார்ப்பதாகச் சொன்னீர்கள். அதன்பின் அவர் ஒரு ஸ்க்ரூடிரைவரைக்கூடத் தொடவில்லை என்றும் சொன்னீர்கள்.

நீங்கள் என்னிடம் கத்தவில்லை. ஒரு நாள் என் அறைக்கு வந்து நின்றபடியே பேசினீர்கள்.

“எடுத்தாச்சான்னா என்னத்த வே எடுத்தாச்சான்னு அவனுக்குத் தெரியும்? பூட்டையா, லைனையா?”

“நாள் முழுக்க அப்படித்தான அண்ணாச்சி கேட்டேன்.”

“அப்ப நாள் முழுக்கத் தப்பாக் கேட்டிருக்கீரு. மத்த நேரமெல்லாம் நம்ம அதிர்ஷ்டம்.”

நான் மேஜையில் கிடந்த தாள்களை அடுக்கினேன்.

“நம்ம பதிவேட்டுல தப்பா எழுதிட்டா என்ன செய்வோம்? அழிக்கக் கூடாது. கிழிக்கக் கூடாது. அடியில இருக்கது படிக்கும்படியா ஒரே ஒரு கோடு. பக்கத்துல கையெழுத்து. அவ்வளவுதான? அந்த வரியில ஒரு கோட்டப் போடும்.”

நான் போடவில்லை. அந்த வருடத்துக்கு அப்புறம் இரண்டு ஷட்டவுன் வரை வேலை தவிர வேறு எதுவும் நீங்கள் என்னிடம் பேசவில்லை. தபசுக்கு என் வீட்டுக்கு வருவதும் நின்றது. பிறகு நீங்களாகவே வந்தீர்கள், பழையபடி ஆனோம். அந்த வரியைப் பற்றிய பேச்சை மட்டும் இருவரும் எடுக்கவில்லை.

ஆனால் உங்கள் பிரிவில் அந்தச் சொல்லையே ஒழித்துவிட்டீர்கள். யாராவது வாய் தவறி “எடுத்தாச்சு” என்றால், “என்னத்தலே எடுத்த? பல்லையா?” என்பீர்கள். ஆள் உடனே திருத்திச் சொல்ல வேண்டும். “பூட்டு என் கையில இருக்கு அண்ணாச்சி.” “லைன் கட், கைப்பிடி கீழ இருக்கு அண்ணாச்சி.” எதை எடுத்தோம் என்பதும், அது இப்போது எங்கே இருக்கிறது என்பதும். உங்கள் ஆட்கள் வீட்டில்கூட அப்படித்தான் பேசினார்களாம். உங்களுக்குப் பின்னால் வந்தவர்கள் அதை விட்டுவிட்டார்கள்.

ஐந்தாவது. போன வருடம் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் உங்களைப் பார்க்க வந்தேன். மூச்சு வாங்க வாங்கப் பேசினீர்கள். “அந்த ஒரு வரி. ஒரு கோடு. போட்டுருவீரா?” நான் உங்கள் போர்வையைச் சரிசெய்தேன். ஆரஞ்சு உரிக்கவா என்று கேட்டேன். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டீர்கள். பத்து நாளில் போய்விட்டீர்கள். ஏன் பதில் சொல்லவில்லை? பயமா? அப்போதும் என் பக்கம்தான் சரி என்று நினைத்தேனா? சரி என்று நினைத்தவன் ஏன் ஆரஞ்சுக்குத் தாவினான்?

இது வரை எழுதியது செவ்வாய்க்கிழமை. இங்கேயே முடித்துக் கையெழுத்துப் போட்டிருப்பேன். இன்று வெள்ளிக்கிழமை. இடையில் புதன்கிழமை ஆலைக்குப் போய்விட்டு வந்தேன்.

காலையில் கோமதி வண்டி அனுப்புவதாகச் சொன்ன நேரத்துக்கு அரை மணி முன்னாலேயே தயாராகிவிட்டேன். பீரோவைத் திறந்து ஃபைலைத் தேடிக்கொண்டிருந்தேன். மேல் தட்டில் இருந்தது. என் மனைவி பகவதி அடுக்களையிலிருந்து கேட்டாள்.

“எடுத்தாச்சா?”

“எடுத்தாச்சு” என்றேன். ஃபைல் கையில் இருந்தது.

கூட்டம் கொட்டகையில் நடந்தது. முந்நூறு பேர் இருப்பார்கள், பாதிப் பேர் வடக்கத்திக்காரர்கள். கோமதி தமிழில் சொல்லச் சொல்ல ஒருவர் இந்தியில் சொன்னார். உங்கள் மகள் நன்றாகப் பேசினாள். என்னைப் போல மைக்கைப் பிடித்துக்கொள்ளவில்லை, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பேசினாள். அந்த நிற்பு யாருடையது என்று எனக்குத்தான் தெரியும். எந்த வேலை பிந்தினாலும் பரவாயில்லை, சந்தேகம் வந்தால் அங்கே இருக்கும் எந்த ஆளும் வேலையை நிறுத்தலாம், நிறுத்தியவரை அவள் ஒரு கேள்வியும் கேட்க மாட்டாள் என்றாள். நம் காலத்தில் அதற்கு என்னைப் போல ஓர் ஆள் சங்கு ஊதச் சொல்ல வேண்டியிருந்தது.

என் முறை வந்தது. நடந்ததைச் சொல்லிக்கொண்டே வந்து ஃபைலைப் பிரித்தேன். ‘காரணம்’ என்ற கட்டத்தைப் படிக்கப் போகும்போது எழுத்துகள் ஓடின. தலை சுற்றியது. உட்கார வேண்டும் என்று நினைத்தேன், அதற்குள் இரண்டு பேர் பிடித்துவிட்டார்கள்.

ஆலை மருத்துவ அறையில் ரத்த அழுத்தம் பார்த்த நர்ஸ் புருவத்தை உயர்த்தினார். “காலை மாத்திரை போட்டீங்களா ஐயா?” நான் யோசித்தேன். போடவில்லை. கோமதி பகவதிக்குப் போன் போட்டு என் பக்கம் நீட்டினாள். பகவதியின் குரல் அறை முழுக்கக் கேட்டது.

“மாத்திர எடுத்தாச்சான்னு கேட்டதுக்கு எடுத்தாச்சுன்னு சொன்னியளே! டப்பா இங்கன அப்படியே இருக்கு. இந்த வயசுல எதுக்கு இந்தப் பொய்யி?”

“நான் பொய் சொல்லல பகவதி. கேட்டதுக்குப் பதில் சொன்னேன்.”

சொல்லி முடித்தபோதுதான் அது யாருடைய வாக்கியம் என்று எனக்குத் தெரிந்தது.

அண்ணாச்சி, அவள் மாத்திரை என்ற சொல்லைச் சொல்லவே இல்லை. தினமும் அந்த நேரத்தில் அவள் கேட்பது மாத்திரையைத்தான், அதனால் சொல்லத் தேவையில்லை என்று அவளுக்கு. என் கையில் ஃபைல் இருந்தது, அதனால் வேறு எதையும் அவள் கேட்டிருக்க முடியாது என்று எனக்கு. இருவரும் நிதானமாகத்தான் இருந்தோம். இருவரும் உண்மையைத்தான் பேசினோம். ஆனாலும் நான் ஒரு கட்டிலில் படுத்திருந்தேன்.

கேள்வியில்தான் தவறு என்று பகவதியிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அதைக் கோமதியிடம் சொன்னேன். கனகராஜ் பற்றியும் சொன்னேன். அவள் ஃபைலை வாங்கி அந்த வரியைப் படித்தாள்.

“அப்பா இதத்தான சித்தப்பா சொல்லிக்கிட்டே கெடந்தாவ.”

“ஆமா.”

“சாயங்காலம் ரெண்டாம் ஷிப்டு கூட்டம் இருக்கு. அங்க சொல்லுதீங்களா? தெம்பு இருந்தா?”

சொல்லியிருக்கலாம். அங்கே கைதட்டுவார்கள், எனக்கும் மனசு லேசாகும். ஆனால் வரிசை என்று ஒன்று இருக்கிறதே.

“மொதல்ல கனகராஜ்கிட்ட சொல்லணும்மா. அவருக்கு அப்புறந்தான் மத்தவங்களுக்கு.”

அவள் சரி என்றாள். பிறகு வெளியே போய் யாரையோ வாக்கி டாக்கியில் கூப்பிடுவது காதில் விழுந்தது. “என்னத்த எடுத்தீங்கன்னு சேத்துச் சொல்லணும். வெறும் எடுத்தாச்சு கெடையாது, இன்னைக்குலேர்ந்து ஒருத்தரும் சொல்லக் கூடாது.” அந்தப் பக்கம் யாரோ சிரித்திருக்க வேண்டும். “சிரிக்காதீங்க. அப்புறம் பல்லையான்னு கேப்பேன்.”

ஷட்டவுன் நேற்று தொடங்கிவிட்டது. இன்று காலை போன் செய்தாள். மில் வாயில் இப்போது நாலு பேர் உள்ளே போனால் நாலு பூட்டு தொங்குகிறதாம். ஒன்றில் ஒரு ஒடிசாக்காரரின் மகள் படம் இருக்கிறதாம். யார் சொல்லிக் கொடுத்தார்களோ தெரியவில்லை.

ஆகவே, அண்ணாச்சி, என் வரிசைக்குத் திரும்புகிறேன். மேலே உள்ள மூன்றாவது குறிப்பு தவறு. என் கேள்வி சரியானது என்று எழுதியிருக்கிறேன். சரியானது அல்ல. எதை என்று சொல்லாமல் கேட்டேன், நாள் முழுக்கச் சொல்லாமல்தான் கேட்டேன். மற்ற நேரமெல்லாம் நீங்கள் சொன்னது போல அதிர்ஷ்டம். கனகராஜ் தன்னிடம் கேட்கப்பட்டதற்குச் சரியான பதிலைச் சொன்னார். தாளை மாற்றி எழுதவில்லை, நீங்கள் சொன்னபடி அந்தக் குறிப்பின் கடைசி இரண்டு வாக்கியங்கள் மேல் ஒரே ஒரு கோடு போட்டிருக்கிறேன், அடியில் இருப்பது படிக்கும்படி. பக்கத்தில் கையெழுத்து. மலர் அச்சிடுபவர்கள் அந்தக் கோட்டோடுதான் அச்சிட வேண்டும் என்று தனியாக ஒரு சீட்டு வைத்திருக்கிறேன். விசாரணை ஃபைலிலும் அதே கோடு, அதே கையெழுத்து.

நாளைக் காலை முதல் பஸ்ஸில் புளியங்குடி போகிறேன். மார்க்கெட்டில் கனகராஜ் எங்கே என்று கேட்டால் சொல்வார்களாம். அவர் பேசாமல் திரும்பிக்கொள்ளலாம். திட்டலாம். என்னைத் தெரியவில்லை என்றும் சொல்லலாம். நான் எதற்கும் பதில் சொல்லப் போவதில்லை. ஃபைலைப் பிரித்து அந்த வரியைக் காட்டிவிட்டு நிற்பேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு. ஆஸ்பத்திரியில் தந்திருக்க வேண்டியது.

பையைத் தயார் செய்துவிட்டேன். பகவதி இப்போதுதான் வந்து வாசலில் நின்றாள். “எடுத்தாச்சா?” என்றாள். நான் நிமிர்ந்து பார்த்தேன். அவளே திருத்திக்கொண்டாள்.

“மாத்திரைய முழுங்கியாச்சா?”

“ராத்திரி மாத்திரைய முழுங்கியாச்சு. காலை மாத்திரை சட்டைப் பையில இருக்கு. ஃபைல் மஞ்சப் பையில இருக்கு.”

இப்படிக்கு,
நீங்கள் ஒரே ஒரு முறை அப்படிக் கூப்பிட்ட
உங்கள் தம்பி
சங்கரலிங்கம்
சங்கரன்கோவில்